நாற்பது கியூப் மண்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் வீட்டு மேல்மாடியில் இருந்தபடியே இங்கிலாந்துக் கட்டிட வேலைகளுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடிக்கடி அண்ணன் முறை சொல்லி வந்து, "காக்கா, அந்த வேலைய எப்படிப் பிடிக்கிற?" என்று கேட்கிறீர்கள். பிடிக்கிற வழியை உங்கள் மடிக்கணினியே சொல்லித் தந்துவிடும். பிடித்த வேலையில் ஒரு பிழை விட்டால் என்ன செய்வது என்பதை நான் எழுதுகிறேன். அதில் எனக்கு அனுபவம் கூட.

இங்கிலாந்தில் பதினொரு வருடம் சைட் சைட்டாக வேலை செய்தேன். பிறகு ஊருக்கு வந்து அதே கம்பனிகளுக்கு இங்கிருந்தே வேலை செய்து, போன வருடம் நிறுத்திக்கொண்டேன். அத்தனை வருடமும் நான் யாருக்கும் நிரந்தர ஊழியன் அல்ல. சொந்தப் பொறுப்பில் இயங்கும் ஒப்பந்தக் கணிய அளவையாளன். அது என்ன தொழில் என்று என் மாமிக்கு விளக்குவதற்கு ஒன்பது வருடம் முயன்றேன். கடைசியில் அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். "கட்டுறவனும் இல்ல, கட்டுவிக்கிறவனும் இல்ல. நடுவில நிண்டு அளக்கிறவன்." இதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நடுவில் நிற்பவர் கம்பனியின் நிரந்தர ஆளாக இருந்தால், அவர் பிழை விடும்போது கம்பனி அவருக்குப் பின்னால் நிற்கும். நமக்குப் பின்னால் நிற்பது நமது கதிரை மட்டும்தான். ஒரு கிழமை நோட்டீசில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆகவே விட்ட பிழையை ஓசையில்லாமல் மூடிவிடும் ஆசை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அந்த ஆசை எனக்கு ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வந்தது. எத்தனை நிமிடம் இருந்தது என்பதையும் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அன்று இரண்டு கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்தன.

ஓகஸ்ட் மாதக் கடைசி. அந்த நாட்டில் பாடசாலை விடுமுறை முடிகிற நேரம். வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரின் ஆரம்பப் பாடசாலையில் புதிதாக மூன்று வகுப்பறைகளுக்கு அத்திவாரம் போட்டிருந்தார்கள். தோண்டிய மண்ணையெல்லாம் விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வருவார்கள். அதற்கு முன் மைதானத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடசாலையைத் திறக்கப் போவதில்லை என்று அதிபர் எழுத்தில் கொடுத்திருந்தார்.

அந்த சைட்டை நடத்தியவர் கெரல். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். காலை ஏழு மணிக்கே கோபம் வரக்கூடியவர், ஆனால் பத்து மணித் தேத்தண்ணியோடு ஆறிவிடுவார். மண் வேலை டெர்ரியின் பொறுப்பு. அவருக்கு ஆட்கள் இல்லை. அவரும் மண் தோண்டும் அவருடைய பெக்கோ இயந்திரமும் மட்டும்தான். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். அவரும் நம்மைப் போல, கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை.

இவர்கள் கதைத்ததெல்லாம் இங்கிலீசில். என் நினைவில் அது எங்களூர்ப் பேச்சாகவே தங்கியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். வருகிற 'நீ'யும் 'நீங்க'ளும் நான் பிரித்துப் போட்டவை.

அதே நாட்களில் இங்கே எனக்கு இன்னொரு மண் வேலை நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். நமது பக்கத்தில் கலியாணம் என்றால் முதலில் பெண்ணுக்கு வீடு, மற்றதெல்லாம் பிறகு. சாய்ந்தமருதில் மகளுக்கு ஒதுக்கிய வளவு பள்ளமானது. மாரியில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அதை நிரப்ப என் மனைவியின் தம்பி ரிஸ்வி, சாகாமம் பக்கமிருந்து தன்னுடைய டிப்பரில் கிறவல் மண் ஏற்றி வந்து கொட்டிக்கொண்டிருந்தான். மண்ணோ மணலோ கிறவலோ, நமக்கு எல்லாம் கியூப்தான். ட்ராக்டர் பெட்டி நிரம்பினால் ஒரு கியூப், ரிஸ்வியின் டிப்பர் நிரம்பினால் மூன்று கியூப். மூன்று கிழமையாக நான் வளவுக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்து, ஒவ்வொரு லோட்டையும் எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது சோற்றைக்கூடக் கியூப்பில் பார்க்கிற நிலைமை.

புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. அங்கே காலை பத்து. நான் வளவில் நின்றேன், ரிஸ்வி டிப்பரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். கெரல் அழைத்தார்.

"நாஸ், ஒரு வீடியோ அனுப்பியிரிக்கன். மூலையில இரிக்கிற மண் குவியல சுத்தி நடந்து எடுத்த. எத்தின கியூப் வரும்?"

என் பெயர் நசீர். அங்கே அது நாஸ் ஆகிவிட்டது.

"அளந்து எழுத்தில அனுப்புறன். ஒரு மணித்தியாலம் தாங்க."

"ஒரு மணித்தியாலம் என்கிட்ட இல்ல. லொறிக்காரன் மத்த போன்ல நிக்கிறான். கிட்டத்தட்டச் சொல்லு."

வீடியோவைப் பார்த்தேன். குவியலுக்குப் பக்கத்தில் டெர்ரி மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவருடைய தலைக்கு மேல் இன்னும் அரை ஆள் உயரத்துக்கு மண் இருந்தது. நீளத்தையும் அகலத்தையும் அவருடைய உடம்பை வைத்தே கணித்தேன். அளந்து பழகிய கண்.

"நாற்பது," என்றேன். "நாற்பது கியூப்."

"நல்லம். நாலு லொறிக்குச் சொல்லுறன்," என்று அவர் போனை வைத்தார். ரிஸ்வியின் டிப்பர் கிறவலைக் கொட்டிய சத்தத்தில் அந்த 'நாலு லொறி' எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பல நாள் என்னையே சமாதானப்படுத்தினேன். கேட்டது. கேட்டும், அது எந்த லொறி, எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு கணம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் கெரல். அங்கே காலை ஒன்பதரை. ஆறுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"நாஸ், நீ நேத்துச் சொன்னது நாற்பதுதானே?"

"ஓம், நாற்பது."

"நாலு லொறி வந்து ஏத்திட்டுப் போயிட்டு. நாலும் நிரம்பித்தான் போச்சு, நான் வாசல்ல நிண்டு பாத்தன். இப்ப குவியலப் பாத்தா, ஆரோ ஓரத்தில கிள்ளித் திண்ட மாதிரி இரிக்கி."

"மிச்சம் எவ்வளவு?"

"எஞ்சினியர் வந்து அளந்தார். எழுபத்திமூணு கியூப். நாற்பதில நாற்பது போனா எழுபத்திமூணு எப்படி மிஞ்சும்? டெர்ரிக்கு ரெண்டு தெரு தள்ளி இன்னொரு வேல இரிக்கி. அங்க தோண்டுற மண்ண நேத்துப் பின்னேரம் இஞ்ச கொண்டுவந்து கொட்டியிரிக்கான். வாசல்ல வச்சே கேட்டுட்டன்."

"என்னெண்டு கேட்டீங்க?"

"ஆர்ர மண்ண என்ட சைட்டில கொட்டுறாய், கள்ளன் எண்டு கேட்டன்."

"பக்கத்தில ஆரும் நிண்டாங்களா?"

"கடைசி லொறிச் சாரதியும் பாடசாலைக் காவலாளியும்."

"டெர்ரி என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. கையுறையக் கழட்டி பெக்கோக்கு மேல வச்சிட்டு நிண்டான். சொல்ல என்ன இரிக்கி?"

பத்தரை மணிக்கு, அதாவது நமது மூன்று மணிக்கு, டெர்ரியைத் தன் அலுவலகக் கெபினுக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்கு முன் என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். புதன்கிழமை வீடியோவைப் பார்த்து, குவியல் நாற்பது கியூப் என்று நான் சொன்னதாக ஒரே ஒரு வரி. அதைக் காட்டி டெர்ரியை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுவார். கம்பனியின் மற்ற சைட்டுகளுக்கும் சொல்லிவிடுவார்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் கெரலை நம்பினேன். புதன்கிழமை வீடியோவையும் அன்று அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு லொறி போன பிறகு இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ கூடுதலாக மண் இருந்தது. என் வீடியோவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்பாவியாக நின்ற மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கடிதத்தை எழுதினேன். மூன்று முறை வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

அனுப்புவதற்கு முன் ரிஸ்வி படியேறி வந்தான். பகல் லோட்டுக்குக் கையொப்பம் வாங்க வந்தவனுக்கு என் மனைவி கீழேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருந்தார். கோப்பையோடு வந்து என் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், இங்கிலாந்திலயும் மண்தானா? நான் நினைச்சன் நீங்க அங்கத்தைய கண்ணாடிக் கட்டிடமெல்லாம் அளக்கிற எண்டு."

"இது நேத்தைய வீடியோ. இத எத்தின கியூப் எண்டு சொல்லுவாய்?"

குனிந்து பார்த்தான். "அந்த வெள்ளக்காரன் நிக்கிறத வச்சுப் பாத்தா, முப்பத்தெட்டு, நாப்பது வரும்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "நானும் நாற்பதுதான் சொன்னன். நாலு லோட்டில போயிருக்க வேண்டிய மண். இப்ப பார், இன்னும் மலை மாதிரி நிக்கிது. ஒருத்தன் களவா வேற மண் கொண்டுவந்து கொட்டியிரிக்கான்."

ரிஸ்வி கோப்பையை மேசையில் வைத்தான். "நாப்பது கியூப் நாலு லோட்டிலயா? என்ன மச்சான், அது லொறியா கப்பலா?"

"பெரிய லொறி. பத்துக் கியூப் பிடிக்கும்."

"பத்துக் கியூப் மண் ஏத்தினா அந்த லொறி றோட்டில ஓடாது மச்சான். றோட்டுக்குள்ள ஓடும்."

நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

இங்கிலாந்தில் சைட்டுக்காரர்கள் கியூப் என்று சொல்வது ஒரு கன மீற்றரை. நாம் கியூப் என்று சொல்வது நூறு கன அடியை. நமது ஒரு கியூப்புக்குள் அவர்களுடையது இரண்டே முக்காலுக்கும் சற்று மேலே அடங்கும். இது எனக்குத் தெரியாததல்ல. பதினொரு வருடம் அந்தச் சொல்லை அவர்களுடைய அளவில்தான் பேசினேன். ஆனால் மூன்று கிழமை கிறவல் கொட்டிய வளவில் நின்றுகொண்டு, ரிஸ்வியின் டிப்பரைப் பார்த்தபடி கணித்தபோது, என் வாயில் வந்தது சாய்ந்தமருதுக் கியூப். நமது நாற்பது, அவர்களுக்கு நூற்றுப் பதின்மூன்று. அதில் நாற்பது போனால் எழுபத்து மூன்று. எஞ்சினியர் அளந்தது அச்சொட்டாக அதுதான்.

புதன்கிழமைக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருந்தது: "கெரலின் குவியல் 40 கியூப். ரிஸ்வியின் டிப்பரானால் 14 லோட். வளவுக்கு இன்னும் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட இவ்வளவே." என் கண் தவறவில்லை. ஒரு சொல்தான் தவறியது. அந்தச் சொல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு பெண், ஒரு மனிதரைப் பார்த்து இரண்டு பேர் முன்னிலையில் கள்ளன் என்று சொல்லிவிட்டார்.

மணி இரண்டு முப்பத்தைந்து.

இப்போது அந்த ஆசையைப் பற்றிச் சொல்கிறேன். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. புதன்கிழமை நாற்பது கியூப் என்று சொன்னேன், அது உண்மை. அனுப்புவதற்கு ஒரு விரல் போதும். கியூப் என்ற சொல்லுக்கு வேறொரு ஊரில் வேறொரு அளவு இருக்கிறது என்று அந்த நாட்டில் யாருக்கும் தோன்றப் போவதில்லை. எனக்கு எதிராக உலகத்தில் இருந்த ஒரே சாட்சி ரிஸ்வி, அவனுக்கு விசா கிடையாது. மறுபக்கம் பார்த்தால், ஒரு கிழமை நோட்டீசில் அனுப்பக்கூடிய ஆள் நான். பள்ளத்தில் பாதி நிரம்பிய வளவு. நாள் குறித்துவிட்ட கலியாணம். ஆறு நிமிடம் நான் விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்தை ரிஸ்வியிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மனிசன்ட மெசினும் சொந்த மெசினா?"

"ஓம். அது மட்டும்தான் அவருக்கு."

"அப்ப என்ன மச்சான் பாத்துக்கொண்டு இரிக்கீங்க? என்ட டிப்பர்ல களவு மண் ஏத்தின எண்டு ஒருத்தன் சொன்னாப் போதும், மறுகா அக்கரைப்பற்றில இருந்து கல்முனை வரைக்கும் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அடிங்க போன."

டெர்ரி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார் என்று கெரல் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏச்சு வாங்கிய ஆள் திருப்பிக் கதைப்பார். அங்கே தனக்கு இனி வேலை இல்லை என்று முடிவெடுத்த ஆள்தான் கையுறையைக் கழற்றுவார்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு அழைத்தேன். லைன் பிஸி. நாற்பத்து நான்குக்கு அழைத்தேன். பிஸி. நாற்பத்தேழுக்குக் கெரல் எடுத்தார்.

"கடிதம் எங்க?"

"கடிதம் இல்ல. டெர்ரியக் கூப்பிட்டு பக்கத்தில வச்சுக்கொண்டு போன சத்தமா வைங்க."

"அவன் வெளியில நிக்கிறான். முதல்ல எனக்குச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் ஒண்டாச் சொல்லணும் கெரல்."

டெர்ரி உள்ளே வந்து கதவைச் சாத்துவது கேட்டது. நான் சொன்னேன்: "அளவு பிழை, பிழை என்ட. நான் சொன்ன கியூப் எங்கட ஊர்க் கியூப், உங்கடத விட மூணு மடங்குக்குக் கிட்ட. குவியல் முதல்ல இருந்தே நூத்திப் பதின்மூணு, டெர்ரி ஒரு மண்வெட்டி மண்கூட வெளியில இருந்து கொண்டுவரல்ல."



"உலகத்தில ரெண்டு கியூப் இரிக்கா?" என்றார் கெரல்.

"எங்கட ஊர்ல ஒண்டு இரிக்கி."

"நாஸ், நீ இவனைக் காப்பாத்தப் பாக்கிறியா?"

அந்தக் கேள்வி நியாயமானது. நான் என் புதன்கிழமைக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். தமிழ் அவர்களுக்குத் தெரியாது, திகதியும் இலக்கமும் தெரியும்; 14 என்பது லோட் என்று நான் சொன்னேன். வாசித்தது டெர்ரி. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் இதுதான்.

"பதினாலு. நேத்தே பதினாலு லோட் எண்டு எழுதி வச்சிரிக்கான். நீ நாலு லொறிக்குச் சொன்னாய்."

"கியூப் எண்டா என்ன எண்டு ஆர் கேப்பாங்க டெர்ரி?"

"ஆரும் கேக்கமாட்டாங்க," என்றார் டெர்ரி. "பால் எண்டா என்ன எண்டு கேக்கிற மாதிரி."

அடுத்து நடந்ததை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். என்னைவிடப் பெரிய பாடத்தை அன்று கெரல்தான் நடத்தினார். அவர் அங்கேயே, அந்தக் கெபினுக்குள்ளேயே, மன்னித்துக்கொள் என்று சொல்லி முடித்திருக்கலாம். மூவருக்கும் அது போதுமாக இருந்திருக்கும். அவர் "வா" என்று மட்டும் சொன்னார். போன் அவருடைய கையிலேயே இருந்தது. சப்பாத்தின் கீழ் கற்கள் நொறுங்குவது எனக்குக் கேட்டது. வாசலுக்குப் போய், காவலாளியைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"காலம இஞ்ச வச்சு நான் டெர்ரியக் கள்ளன் எண்டு சொன்னன். அது பிழை. மண் முழுக்க எங்கட மண்தான், அளவு பிழைச்சது எங்கட பக்கம்."

'நாஸ் பக்கம்' என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிறகு நான்காவது லொறிச் சாரதியின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அவருக்கும் அதே மூன்று வசனத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னார். கள்ளன் என்ற சொல்லைக் கேட்ட காது எத்தனையோ, அத்தனை காதுக்கும் அதைத் திருப்பி எடுத்த செய்தியும் போய்ச் சேர்ந்தது. எனக்கும் அப்போதுதான் புத்தி வந்தது. நாற்பது என்ற எண் கெரல் வழியாக யார் யாருக்கு மின்னஞ்சலில் போயிருந்ததோ, அத்தனை பேருக்கும், கம்பனி அலுவலகம் உட்பட, என் பெயரைப் போட்டு, பிழை எப்படி நடந்தது என்று அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே எழுதி அனுப்பினேன்.

ஆனால் எழுபத்து மூன்று கன மீற்றர் மண் இன்னும் மைதானத்தில்தான் நின்றது. அந்த ஊர் அளவில் எட்டு லொறி. கிடைத்தது ஒரே ஒரு நாள். கெரல் ஆறு இடத்துக்கு அழைத்தார். எல்லா லொறியும் கிழமை முடியும் வரை பேசி முடிந்தவை.

"என்ட பழைய மச்சான்கிட்ட மூணு லொறி இரிக்கி," என்றார் டெர்ரி.

"பிறகென்ன, கூப்பிடு."

"அவனோட ரெண்டு வருசமாக் கதைக்கிறல்ல."

"என்னத்துக்கு?"

"ஒரு நாய் விசயம்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. டெர்ரி கொஞ்சம் தள்ளிப் போய்க் கதைத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று லொறியும் வரும், சுற்றிச் சுற்றி ஓடும் என்றார். காலையில் தன்னைக் கள்ளன் என்ற பெண்ணின் சைட்டுக்காக அவர் இரண்டு வருடப் பேசாமையை முறித்தார். அந்த நாய்க்கு என்ன நடந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அங்கே காலை எட்டு மணி, இங்கே பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை. லொறிகளை நான் போனில் இருந்து எண்ணித் தருவதாகச் சொல்லியிருந்தேன், நேரத்தைப் பார்த்த பிறகுதான் ஜும்ஆ ஞாபகம் வந்தது. தயங்கித் தயங்கி டெர்ரியிடம் சொன்னேன்.

"நீ போய்த் தொழுதிட்டு வா," என்றார். "எனக்கு எண்ணத் தெரியும். என்ட எண்ணிக்கை எல்லா ஊர்லயும் ஒண்டுதான்."

ஒன்று முப்பத்தைந்துக்குத் திரும்பி வந்து அழைத்தபோது மூன்று லொறி போயிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஐந்தேகாலுக்கு எட்டாவது லொறி போனது. அது பத்துக்கு மூன்றுதான் நிரம்பியிருந்தது. எழுபத்து மூன்றுக்கு அப்படித்தான் வர வேண்டும். கெரல் அதிபரிடம் சொல்லப் போய்விட்டார். டெர்ரி மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார், தும்புத்தடியின் சத்தம் போனில் கேட்டது. அது நின்றது.

"நாஸ், ஒண்டு கேக்கணும். நேத்து, கெரல் சொன்னப்ப, நீயும் என்னக் கள்ளன் எண்டு நம்பினியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நல்ல நாளாகவும் முடிந்திருக்கும். ஆனால் முந்தின நாள் பட்ட பாடு எனக்குப் போதும்.

"ஓம் டெர்ரி," என்றேன். "முப்பத்தஞ்சு நிமிசம் நம்பினன்."

அவர் கேட்டார்:

"எந்த ஊர் நிமிசம்?"

நான் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். தும்புத்தடி மறுபடியும் கூட்டத் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொன்னால் நீங்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறீர்கள்: "காக்கா, அலகை எழுத வேண்டும், அவ்வளவுதானே." எழுதத்தான் வேண்டும். யாராவது போனில் "கிட்டத்தட்டச் சொல்லு" என்று கேட்டால், எண்ணோடு நிறுத்தாமல், அவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "உங்கட பெரிய லொறியில பன்னிரண்டு" என்று நான் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு நாட்டு வேலையை ஒரே நாளில் பார்க்கிறவர்கள் நீங்கள். காலையில் ஊர் வீட்டுக்கு அடியிலும் பேர்ச்சிலும் அளந்துவிட்டு, பின்னேரம் அவர்களுக்கு மீற்றரில் கொடுக்கிறீர்கள். நாக்கு எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள்.

ஆனால் அது சின்னப் பாடம். அதைப் பிழை விட்ட அன்றே யாரும் படித்துக்கொள்ளலாம். பெரியது, நமது எண் ஒருபோதும் காகிதத்தில் மட்டும் நிற்பதில்லை என்பது. அது போய் ஒரு ஆளின் மேல் விழும். எண் பிழைத்தால், யார் மேல் விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம். நான் ஆறு நிமிடம் அந்த வரிசையை மாற்றிப் பார்த்தேன், என் மச்சான் வந்து திருத்தினான்.

என் ஒப்பந்தத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை முழுக்க நோட்டீசை எதிர்பார்த்திருந்தேன். சனிக்கிழமை காலை கம்பனி முதலாளியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திறக்கும் முன்னர் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வரி: "இனி கன மீற்றர் என்றே எழுதவும்." அவர்களோடு அதற்குப் பிறகும் நான்கு வருடம் வேலை செய்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம், அங்கே பிள்ளைகள் வருவதற்குச் சற்று முன்னர், கெரல் ஒரு படம் அனுப்பினார். கழுவி விட்ட மைதானம், திறந்த வாசல். வாசலில் பாடசாலைக் காவலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றார். மைதானத்தை ஒப்படைக்கும்போது சாவியைக் கையில் கொடுக்க வேண்டியது சைட்டை நடத்துகிறவர். அன்று படம் எடுத்தவர் கெரல். சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் டெர்ரி.